வீட்டு வானிலை நிலையத்தை இணையதளத்தோடு இணைக்க: கேட்வேயிலிருந்து நேராகவா, நடுவில் ஒரு ராஸ்பெரி பை வைத்தா?

#1 தென்றல்வலை

வணக்கம் நண்பர்களே. கருவி: எக்கோவிட் ஜிடபிள்யூ1100 கேட்வே (சென்சார்களின் சிக்னலை வாங்கி இணையத்துக்கு அனுப்பும் பெட்டி), வெளியே காற்று, மழை, வெப்பம், ஈரப்பதம் எல்லாம் சேர்ந்த ஒரே சென்சார் தொகுதி. தளம்: ஷேர்டு ஹோஸ்டிங், பிஎச்பி ஓடும், எஸ்எஸ்எல் உண்டு. முகப்பில் இப்போதைய அளவுகளும், கீழே 24 மணி நேர வரைபடமும் வர வேண்டும்.

செயலியில் கஸ்டமைஸ்டு அப்லோடு பக்கத்தில் எக்கோவிட் புரோட்டோகால், தளத்தின் பெயர், ஸ்கிரிப்டின் பாதை, போர்ட் 80, இடைவெளி 60 வினாடி என்று கொடுத்தாயிற்று. ஸ்கிரிப்டுக்கு ஒன்றுமே வந்து சேரவில்லை. அதே முகவரியை பிரவுசரில் அடித்தால் ஸ்கிரிப்ட் ஓடுகிறது. கோளாறு எங்கே? நடுவில் பை போன்ற ஒரு சின்ன கணினி கட்டாயமா?

#2 கம்பிவடம்

ஹோஸ்டிங்கின் ஆக்சஸ் லாகை, அதாவது தளத்துக்கு வந்த கோரிக்கைகளின் பதிவேட்டை, திறந்து பாருங்கள். நிமிடத்துக்கு ஒரு வரி, அதில் 301 என்று இருந்தால் விஷயம் முடிந்தது. தளம் முழுவதையும் எச்டிடிபிஎஸ் பக்கம் திருப்பி விட்டிருப்பீர்கள். பிரவுசர் அந்தத் திருப்பலைப் பின்தொடர்ந்து போய்விடும், கேட்வே போகாது. கஸ்டமைஸ்டு அப்லோடு வெறும் எச்டிடிபியில்தான் பேசும், 301 வந்தால் அத்தோடு நிறுத்திக்கொள்ளும்.

திருப்பிவிடும் விதியிலிருந்து அந்த ஒரு பாதைக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். எச்டிஆக்சஸ் கோப்பில் (சர்வருக்கான விதிகள் இருக்கும் கோப்பு), திருப்பும் வரிக்கு முன்னால் நிபந்தனையாக இது வர வேண்டும். பின்னால் போட்டால் பயன் இல்லை.

லாகில் 403 அல்லது 406 என்றால் காரணம் வேறு: ஹோஸ்டிங்கின் பாதுகாப்பு வடிகட்டி, பிரவுசர் மாதிரி தெரியாத கோரிக்கையைத் தள்ளிவிடுகிறது. அதைப் பேனலில் அந்தப் பாதைக்கு மட்டும் அணைக்க முடியும், இல்லையென்றால் ஹோஸ்டிங்காரர்களிடம்தான் கேட்க வேண்டும். லாகில் வரியே இல்லை என்றால் பெயரை ஐபியாக மாற்றுவதிலோ போர்ட்டிலோ சிக்கல்.

#3 பாதரசம்

பை கட்டாயம் இல்லை. முகப்பில் ஐந்தாறு எண்களும் ஒரு வரைபடமும் காட்ட ஒரு பிஎச்பி ஸ்கிரிப்ட் போதும். ஆனால் அந்த ஸ்கிரிப்டைக் கொஞ்சம் கவனமாக எழுத வேண்டும்.

முதலில் புரோட்டோகால். எக்கோவிட் என்று தேர்ந்தெடுத்தால் தரவு போஸ்ட் முறையில் வரும். வண்டர்கிரவுண்ட் என்று தேர்ந்தெடுத்தால் கெட் முறையில், முகவரியின் வாலாக வரும். அப்போது பாதையின் கடைசியில் கேள்விக்குறி இருக்க வேண்டும். அதை விட்டால் பாதையும் முதல் மாறியும் ஒட்டிக்கொண்டு 404 வரும். எக்கோவிட் முறையில் கூடுதல் சென்சார்கள், பேட்டரி நிலை எல்லாம் வருவதால் அதுவே மேல்.

இரண்டாவது அலகுகள். செயலியில் செல்சியஸ் என்று வைத்திருந்தாலும் வந்து சேர்வது ஃபாரன்ஹீட், மணிக்கு மைல், அங்குலம், அங்குலப் பாதரசம். செயலி அமைப்பு அதன் திரைக்கு மட்டும். மாற்று: ஃபாரன்ஹீட்டில் 32 கழித்து 5 ஆல் பெருக்கி 9 ஆல் வகுக்க செல்சியஸ், மைல் × 1.609 = கிலோமீட்டர்; அங்குலம் × 25.4 = மில்லிமீட்டர்; அங்குலப் பாதரசம் × 33.864 = ஹெக்டோபாஸ்கல். மாற்றத்தை ஒரே இடத்தில், தரவு உள்ளே நுழையும்போதே செய்துவிடுங்கள். டேட்டாபேஸில் ஒன்று, வரைபடத்தில் வேறொன்று என்று விட்டால் பிறகு எந்த எண் எந்த அலகு என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வெளி சென்சாரின் சிக்னல் அறுந்தால் அந்த மாறியே கோரிக்கையில் வராது. ஸ்கிரிப்ட் அதை 0 என்று எடுத்துக்கொண்டால் 0 ஃபாரன்ஹீட், அதாவது -17.8 டிகிரி செல்சியஸ் என்று பதிவாகும். எந்தத் தளத்து வரைபடத்திலாவது -17.8 என்று செங்குத்தாக ஒரு கோடு விழுந்திருந்தால் அது குளிர் இல்லை, விடுபட்ட மாறி. மாறி வந்திருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் நல் (null, வெற்று மதிப்பு) என்று எழுதுங்கள்.

நான்காவது நேரம். கேட்வே அனுப்பும் நேரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். அப்படியே யுனிக்ஸ் நேரமாக (1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் வினாடிகள்) சேமித்து, காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரமாக்குங்கள். அந்த நேரத்தையே அட்டவணையின் முதன்மைச் சாவியாக வைத்தால் ஒரே பதிவு இரண்டு முறை வந்தாலும் தொல்லை இல்லை.

சேமிப்புக்கு எஸ்க்யூலைட் (ஒரே கோப்பில் அடங்கும் டேட்டாபேஸ்) கோப்பு ஒன்று போதும், ஆனால் அது பொது அடைவுக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே வைத்தால் பெயரை ஊகித்து யாரும் இறக்கிக்கொள்ளலாம். 5 நிமிடத்துக்கு ஒரு பதிவு என்றால் நாளுக்கு 288, ஆண்டுக்கு 1,05,120 வரிகள். எஸ்க்யூலைட்டுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

#4 கருமேகம்

பாதரசம் சொன்னதில் தவறில்லை, ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். கஸ்டமைஸ்டு அப்லோடு அனுப்பிவிட்டு மறந்துவிடும். ஹோஸ்டிங் அரை மணி நேரம் படுத்தால், அல்லது வீட்டு இணையம் போனால், அந்த நேரத்துத் தரவு திரும்ப வராது. புயல் நேரத்தில் எது முதலில் போகும்? இணையம்தான். எந்தப் பதிவு ரொம்ப முக்கியமோ அதுதான் விடுபடும்.

நடுவில் பை இருந்தால் தரவு வீட்டிலேயே பதிவாகும், இணையம் வந்ததும் தளம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அதில் வீவெக்ஸ் ஓட்டுங்கள். வானிலைத் தரவைச் சேமித்து, தளத்துக்கான பக்கங்களை உருவாக்கும், பைத்தானில் எழுதிய இலவச மென்பொருள். கேட்வேயின் உள்ளூர் ஏபிஐயை (மற்ற நிரல்கள் தரவு கேட்கும் வாசல்), அதாவது டிசிபி போர்ட் 45000ஐ, நேராகக் கேட்டு வாங்கும் டிரைவர் தனியாகக் கிடைக்கிறது. ஜிடபிள்யூ1000 டிரைவர் என்று பெயர். ரவுட்டரில் கேட்வேக்கு நிலையான உள்ளூர் ஐபி ஒதுக்கிவிடுங்கள், வேலை முடிந்தது.

டேவிஸ் வான்டேஜ் என்ற வேறு நிறுவனத்து நிலையம் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதன் லாகரில் (பதிவுகளைத் தன்னுள் வைக்கும் துணைக்கருவி) 2,560 பதிவுகள் தங்கும். 5 நிமிட இடைவெளியில் ஏறக்குறைய 9 நாள். பை நின்றுபோனாலும், திரும்ப எழுந்ததும் வீவெக்ஸ் விட்ட இடத்திலிருந்து அள்ளிக்கொள்ளும். இந்த ஜிடபிள்யூ1100 கேட்வேயில் இந்த வசதியை எதிர்பார்க்க வேண்டாம்.

#5 பாதரசம்

நியாயம். ஆனால் பை வைத்தால் அதுவும் ஒரு பராமரிப்புப் பொருள். மெமரி கார்டு தேய்ந்து படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விடும். மின்சாரம் போய் வந்தால் கோப்பு சிதையும். கேட்வே அந்த அளவுக்குச் செல்லம் கேட்காது. விடுபட்ட அரை மணி நேரத்துக்காக ஒரு லினக்ஸ் கணினியைக் கட்டி மேய்க்க வேண்டுமா என்பது அவரவர் முடிவு.

#6 கருமேகம்

கார்டு தேய்வதற்கு வழி இருக்கிறது. வீவெக்ஸ் 5 நிமிடத்துக்கு ஒருமுறை பக்கங்களையும் படங்களையும் புதிதாக எழுதுகிறது. எழுத்தில் பெரும்பங்கு அதுதான், டேட்டாபேஸ் இல்லை. அந்த வெளியீட்டு அடைவை நினைவகத்தில் வாழும் டிஎம்பிஎஃப்எஸ்ஸில் வையுங்கள். டேட்டாபேஸை யுஎஸ்பி எஸ்எஸ்டியில் வைத்தால் இன்னும் நல்லது. தினம் ஒருமுறை அதன் நகல் வேறு கணினிக்குப் போகட்டும். எஸ்க்யூலைட்டின் பேக்கப் கட்டளையால் எடுக்க வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும் கோப்பை அப்படியே காப்பி அடிக்கக்கூடாது.

மின்சாரம் போய் வருவதில் கார்டை விட மோசமானது கடிகாரம். பை 4 வரை பேட்டரி வைத்த கடிகாரமே கிடையாது. பை 5ல் கடிகாரம் உண்டு, பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். எழுந்ததும் பை தான் அணைந்த நேரத்தையே இப்போதைய நேரமாக நினைத்துக்கொள்ளும். ரவுட்டர் எழுந்து என்டிபி (இணையம் வழி வரும் சரியான நேரம்) கிடைக்கும் முன் வீவெக்ஸ் ஓட ஆரம்பித்தால் பழைய நேரத்தில் பதிவுகள் விழும், பிறகு நேரம் திடீரென்று தாவும். லினக்ஸின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியில் நேரம் சரியாகும் வரை காத்திருக்கும் சேவையை இயக்கி, வீவெக்ஸை அதற்குப் பின் தொடங்கச் சொல்லுங்கள். ஐ2சி வழி மாட்டும் சின்ன ஆர்டிசி (பேட்டரிக் கடிகாரம்) பலகை இருந்தால் இந்தக் கவலையே இல்லை.

#7 மழைமானி

மழையைப் பற்றி யாரும் பேசவில்லையே. இந்தக் கருவிகள் "இந்த ஐந்து நிமிடத்தில் பெய்த மழை" என்று அனுப்புவதில்லை. இன்றைய மொத்தம், வார மொத்தம், மாத மொத்தம், ஆண்டு மொத்தம் என்று கூட்டிக்கொண்டே போகும் எண்களைத்தான் அனுப்பும். வித்தியாசத்தை நாம்தான் எடுக்க வேண்டும்.

இன்றைய மொத்தத்தின் வித்தியாசத்தை எடுப்பவர்களுக்கு நள்ளிரவில் எண் சரிந்து 0 ஆகும்போது மைனஸ் மழை பதிவாகும். அதைச் சரிசெய்தாலும், இணைப்பு இரவு 11 மணிக்கு அறுந்து 1 மணிக்கு வந்தால், 11 முதல் 12 வரை பெய்தது காணாமல் போய்விடும். ஆண்டு மொத்தத்தின் வித்தியாசத்தை எடுங்கள். அது ஆண்டுக்கு ஒருமுறைதான் சரியும், நடுவில் இணைப்பு எத்தனை மணி நேரம் அறுந்தாலும் மழைக் கணக்கு முழுமையாகத் திரும்பி வரும். எந்த நிமிடத்தில் பெய்தது என்பது மட்டும்தான் தெரியாது. கருமேகம் சொன்ன இழப்பில் மழைக்கு மட்டும் இது பாதி மருந்து. புதிய எண் பழையதை விடக் குறைவாக இருந்தால் புதிய எண்ணையே வித்தியாசமாகக் கொள்ளுங்கள்.

மழைமானி சரியாக அளக்கிறதா என்று தளத்தில் ஏற்றும் முன் பார்த்துவிடுங்கள். புனலின் விட்டம் 20 செ.மீ. என்றால் பரப்பு 314 சதுர செ.மீ. 10 மி.மீ. மழைக்கு 314 மில்லிலிட்டர் தண்ணீர். அடியில் ஊசித் துளை போட்ட புட்டியிலிருந்து ஒரு மணி நேரம் போல சொட்டச் சொட்ட விடுங்கள். வேகமாக ஊற்றினால், உள்ளே நிரம்பியதும் சாய்ந்து எண்ணும் சின்ன வாளி சாயும் நேரத்தில் விழும் நீர் கணக்கில் வராமல் குறைவாகக் காட்டும். 0.2 மி.மீ. வாளி என்றால் 50 முறை சாய வேண்டும். 46 முறைதான் சாய்ந்தது என்றால் திருத்தப் பெருக்கி 50 ÷ 46, அதாவது 1.09.

சோதனைக்கு ஊற்றிய தண்ணீரும் ஆண்டு மொத்தத்தில் சேரும் என்பதை மறந்துவிட வேண்டாம். சுத்தம் செய்யும்போதும் அப்படியே. சென்சாரைத் தொடும் முன் அப்லோடை நிறுத்துவதால் பயன் இல்லை, கூட்டல் கேட்வேயில் நடக்கிறது. பின்னர் டேட்டாபேஸில் அந்தப் பதிவுகளை 0 ஆக்குங்கள். வீவெக்ஸ் என்றால் அத்தோடு அந்த நாளின் சுருக்க அட்டவணையையும் மறுபடி கட்டச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வரைபடத்தில் மறைந்த மழை மாத அறிக்கையில் உட்கார்ந்திருக்கும்.

#8 தென்றல்வலை

கம்பிவடம் சொன்னபடி 301தான். விலக்கு கொடுத்ததும் தரவு வருகிறது, நன்றி. ஸ்கிரிப்ட் இருக்கட்டும், கூடவே வீவெக்ஸையும் ஓட்டிப் பார்க்க உத்தேசம்.

இன்னும் மூன்று சந்தேகம். ஒரு மணி நேரச் சராசரியில் வடகாற்று தென்காற்றாக வருகிறது. அழுத்தம் 987 என்று காட்டுகிறது, சுற்றியுள்ள நிலையங்களில் 1010. பையிலிருந்து ஹோஸ்டிங்குக்குக் கோப்புகளை அனுப்ப எஃப்டிபியா ஆர்சிங்கா?

#9 மழைமானி

திசையை எண்ணாகக் கூட்டி வகுத்தால் அப்படித்தான். 350ம் 10ம் சேர்ந்தால் சராசரி 180 என்று வரும், உண்மையில் 0. ஒவ்வொரு பதிவுக்கும் வேகம் × சைன், வேகம் × கோசைன் இரண்டையும் தனித்தனியாகச் சராசரி எடுத்து, அவற்றிலிருந்து ஏடேன்2 (கோணத்தைத் தரும் சார்பு) வழியாகத் திசைக்குத் திரும்புங்கள். வேகம் 0 ஆக இருக்கும்போது திசையே கிடையாது. காற்றுத் திசைகாட்டி கடைசியாக நின்ற பக்கத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கஸ்ட்டுக்கு (திடீர்க் காற்று வீச்சு) சராசரி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது அந்த இடைவெளியின் உச்சம், அவ்வளவுதான்.

அழுத்தம்: நீங்கள் காட்டுவது நிலைய அழுத்தம், மற்றவர்கள் காட்டுவது கடல்மட்டத்துக்கு மாற்றியது. தாழ்வான இடங்களில் 8 மீட்டருக்கு ஏறக்குறைய 1 ஹெக்டோபாஸ்கல் குறையும், 100 மீட்டருக்கு 12. கேட்வே அனுப்பும் "ரிலேடிவ்" என்பது தானாகக் கணக்கிட்டது என்று நினைக்காதீர்கள், நாம் கொடுக்கும் திருத்த அளவுதான் அதில் கூடும். காற்று அமைதியான வேளையில் அருகிலுள்ள விமான நிலையத்தின் மெட்டார் என்ற வானிலை அறிக்கையில் க்யூ என்ற எழுத்துக்குப் பின் வரும் எண்ணோடு ஒப்பிட்டு அமையுங்கள். அது தசமத்தை வெட்டிய முழு எண் என்பதால் சில வேளைகளின் வித்தியாசத்தைப் பார்த்து நடுவில் நிற்கவும். வீவெக்ஸுக்கு உயரத்தைச் சரியாகக் கொடுத்தால் அதுவே நிலைய அழுத்தத்திலிருந்து கணக்கிடும்.

#10 கருமேகம்

வீவெக்ஸ் போடும் முன் ஒரே ஒரு முடிவு, அதை மட்டும் முதல் பதிவு விழும் முன் எடுங்கள்: டேட்டாபேஸின் அலகு முறை. இயல்பு யுஎஸ். மெட்ரிக் என்றால் மழை சென்டிமீட்டரில், காற்று மணிக்குக் கிலோமீட்டரில் சேரும். மெட்ரிக்டபிள்யூஎக்ஸ் என்றால் மழை மில்லிமீட்டர், காற்று வினாடிக்கு மீட்டர். டேட்டாபேஸைச் சொந்த ஸ்கிரிப்டால் படிக்கப்போகிறீர்கள் என்றால் மூன்றாவதுதான் நிம்மதி. பின்னால் மாற்ற வேண்டுமானால் முழு டேட்டாபேஸையும் புதிதாக மாற்றி எழுத வேண்டும்.

முதலில் சிமுலேட்டர் டிரைவரில் ஓட்டி, பக்கம் உருவாகிறதா, தளத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். பிறகு உண்மையான டிரைவருக்கு மாறி, சிமுலேட்டர் நிரப்பிய டேட்டாபேஸை அழித்துவிடுங்கள். பொய்த் தரவின் மேல் உண்மைத் தரவு சேர்ந்தால் பிரிப்பது கொடுமை.

தரக்கட்டுப்பாட்டுப் பகுதியில் ஒவ்வொரு அளவுக்கும் குறைந்தபட்சம், அதிகபட்சம் கொடுக்கலாம். உங்கள் இடத்தின் காலநிலைக்கு ஏற்ப இறுக்குங்கள். ஆனால் இறுக்கிய வரம்பைத் தாண்டும் நிஜமான சாதனை வெப்பமும் குப்பைக்குப் போகும், கொஞ்சம் இடம் விடவும்.

தளத்துக்கு வீவெக்ஸின் முழுப் பக்கமும் வேண்டாம் என்றால் ஒரு சின்ன ஸ்கின் (பக்க வடிவமைப்பு) எழுதி, ஜேசன் கோப்பு (பக்கத்தின் ஸ்கிரிப்ட் படிக்கும் தரவுக் கோப்பு) மட்டும் உருவாக்கச் சொல்லலாம். டெம்ப்ளேட்டில் மதிப்பின் வாலில் ரா என்று போட்டால், சென்சார் விடுபட்டபோது நன் என்ற பைத்தான் சொல் அப்படியே விழுந்து ஜேசன் உடையும். அதற்குப் பதில் ஜேசன் என்ற வாலைப் போடுங்கள், நல் என்று சரியாக எழுதும்.

#11 கம்பிவடம்

எஸ்எஸ்எச் (பாதுகாப்பான தொலை நுழைவு) கிடைக்கும் ஹோஸ்டிங் என்றால் ஆர்சிங்க், வேறு யோசனையே வேண்டாம். மாறியதை மட்டும் அனுப்பும். முக்கியமாக, புதிய கோப்பை மறைவான பெயரில் எழுதி முடித்தபின்தான் பழைய பெயருக்கு மாற்றும். எஃப்டிபி பழைய கோப்பின் மேலேயே எழுதும். அந்தக் கணத்தில் யாராவது பக்கத்தைத் திறந்தால் பாதி ஜேசன்தான் கிடைக்கும், பக்கம் வெறுமையாகும். பிஎச்பி ஸ்கிரிப்ட் ஜேசன் எழுதினாலும் இதே முறை: தற்காலிகப் பெயரில் எழுதி, பிறகு பெயர் மாற்று.

எஃப்டிபி மட்டும்தான் என்றால் வீவெக்ஸில் பாதுகாப்பான எஃப்டிபி என்ற அமைப்பை இயக்குங்கள், பாசிவ் முறையிலேயே விடுங்கள். கணக்கு அந்த ஒரு அடைவோடு பூட்டியதாக இருக்கட்டும்.

ஆர்சிங்கில் அடிக்கடி வரும் தொல்லை, உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவி. கையால் ஓட்டினால் போகிறது, வீவெக்ஸ் ஓட்டினால் அனுமதி மறுப்பு. வீவெக்ஸ் 5ஐ டெபியன் தொகுப்பாக நிறுவினால் அது வீவெக்ஸ் என்ற தனிப் பயனராக ஓடும். உங்கள் வீட்டு அடைவில் இருக்கும் சாவி அதற்குத் தெரியாது. அந்தப் பயனருக்கே சாவி உருவாக்கி, அந்தப் பயனராகவே ஒருமுறை எஸ்எஸ்எச் செய்து சர்வரின் அடையாளத்தை ஏற்றுக்கொள்ள வைக்க வேண்டும். சர்வர் பக்கத்தில் அந்தச் சாவி ஆர்சிங்க் தவிர வேறெதையும் ஓட்டாதபடி கட்டுப்படுத்துங்கள்.

ரவுட்டரில் போர்ட் திறந்து, தளம் வீட்டுக்குள் வந்து தரவை எடுக்கும்படி செய்ய வேண்டாம். கேட்வேயின் 45000க்குக் கடவுச்சொல் கிடையாது. உள்ளே வந்தவர் அமைப்புகளையே மாற்றலாம். பல இணைய இணைப்புகளில் பொது ஐபியே கிடைக்காது என்பதால் அது நடக்கவும் நடக்காது. வீட்டிலிருந்து வெளியே தள்ளுவதுதான் முறை.

நேரடி ஸ்கிரிப்ட் வைத்திருப்பவர்களுக்கு: கோரிக்கையோடு வரும் பாஸ்கீயைச் சரிபாருங்கள், ஆனால் அதை ரகசியம் என்று நம்ப வேண்டாம். அது கேட்வேயின் மேக் முகவரியிலிருந்து (கருவியின் வலையமைப்பு அடையாள எண்) எடுத்த எம்டி5 சுருக்கக் குறியீடு, போவதும் குறியாக்கம் இல்லாத எச்டிடிபியில். ஊகிக்க முடியாத நீண்ட பாதைப் பெயரையும் கூடவே வையுங்கள். வந்ததை அப்படியே ஜேசனில் கொட்டினால் பாஸ்கீயும் உலகத்துக்குப் போய்விடும். தேவையான மாறிகளை மட்டும் பொறுக்குங்கள். வீட்டு உள்வெப்பமும் ஈரப்பதமும் தளத்தில் எதற்கு? ஏசி எப்போது ஓடுகிறது, வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று அது சொல்லிக் கொடுக்கும். வீவெக்ஸின் இயல்பு ஸ்கின் அதையும் காட்டும், எடுத்துவிடுங்கள்.

#12 தென்றல்வலை

ஆர்சிங்க் ஓடுகிறது, தென்காற்றும் வடகாற்றாகிவிட்டது. கடைசியாக முகப்பு: சில வாசகர்களுக்கு ஒரு மணி நேரம் பழைய எண்ணே தெரிகிறதாம். தரவு விடுபட்ட இடத்தில் வரைபடம் நேர்கோடு போட்டு இணைக்கிறது.

#13 பாதரசம்

பழைய எண் என்பது கேஷ், அதாவது பிரவுசர் சேமித்து வைத்த பழைய நகல். ஜேசன் கோப்புக்கு மட்டும் கேஷ் ஆயுளை 60 வினாடி என்று தலைப்பில் கொடுங்கள். நடுவில் சிடிஎன் (பக்கங்களின் நகலை வைத்துப் பரிமாறும் இடைச் சர்வர்) இருந்தால் அதன் விதியையும் தனியாகப் பாருங்கள். அது உங்கள் தலைப்பை மதிக்காதபடி அமைத்திருக்கலாம். ஜேசன் அதே தளத்தில், எச்டிடிபிஎஸ்ஸிலேயே இருக்கட்டும். வேறு இடத்திலிருந்து எடுத்தால் கார்ஸ் என்ற பிரவுசர் விதி தடுக்கும், எச்டிடிபியிலிருந்து எடுத்தால் பிரவுசர் கலப்பு உள்ளடக்கம் என்று மறுக்கும்.

ஆனால் கேஷைச் சரிசெய்தாலும் சென்சார் பேட்டரி தீரும் நாள் வரும். ஜேசனுக்குள் அளந்த நேரத்தை வையுங்கள்; கோப்பு எழுதிய நேரம் வேறு, அளந்த நேரம் வேறு. பிரவுசரில் இப்போதைய நேரத்தோடு ஒப்பிட்டு, 15 நிமிடத்துக்கு மேல் பழையது என்றால் எண்ணை மங்கலாக்கி, கடைசியாக அளந்த நேரத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு மணி நேரம் தாண்டினால் எண்ணுக்குப் பதில் கோடு. நேற்றைய 31 டிகிரியை இன்றையது போலக் காட்டுவதை விட வெற்றிடம் எவ்வளவோ தேவலை.

வரைபடம்: பதிவே இல்லாத நேரத்துக்குப் புள்ளியே இல்லாததால்தான் மென்பொருள் இரு முனைகளையும் இணைக்கிறது. 5 நிமிடக் கட்டம் 288ஐயும் முதலில் உருவாக்கி, பதிவு இல்லாத கட்டத்தில் நல் இடுங்கள். பெரும்பாலான வரைபட நூலகங்கள் நல் வந்தால் கோட்டை அறுத்துவிடும். அறுக்காவிட்டால் இடைவெளியை இணைக்கும் அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கிறது, அணையுங்கள். மழையைக் கோடாக வரைய வேண்டாம், மணி நேரப் பட்டைகளாகப் போடுங்கள். அழுத்தத்தின் அச்சு 0ல் தொடங்கினால் கோடு அசையவே அசையாது. அன்றைய குறைந்தபட்சத்துக்குக் கீழே இரண்டு, அதிகபட்சத்துக்கு மேலே இரண்டு ஹெக்டோபாஸ்கல் விட்டால் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் அலையே கண்ணுக்குத் தெரியும்.

#14 மழைமானி

வெயில் நேரத்தில் உங்கள் வெப்பம் மட்டும் அக்கம்பக்கத்து நிலையங்களை விட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக வந்தால் ஸ்கிரிப்டைத் துருவ வேண்டாம். சென்சார் காங்கிரீட் தளத்துக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். வெப்பத்துக்குத் தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர், நல்ல காற்றோட்டமும் வெயில் மறைப்பும்; காற்றுக்கு 10 மீட்டர் உயரம். ஒரே தொகுதியில் இரண்டும் கிடைக்காது. எக்கோவிட்டில் வெப்ப-ஈரப்பத சென்சாரைத் தனியாக வாங்கிச் சேர்க்கலாம். அது தனி மாறியாக வரும், ஸ்கிரிப்டில் வெப்பத்துக்கான பெயரை அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.